நெல்லின் நீர்க்குழாய்க்குள் ஒரு மரபணு

பிசானப் பருவத்தில் மழையும் காற்றும் சேர்ந்து அடித்து ஓய்ந்தபின் அம்பாசமுத்திரம் வட்டார வயல்களில் நெல்லின் இலை நுனியைப் பாருங்கள். ஓரம் வழியே நெளிநெளியாக வைக்கோல் நிறம் கீழிறங்கினால் பாக்டீரியா இலைக்கருகல் நோயாக இருக்கலாம். சத்துக்குறைவு என்று யூரியாவை அள்ளிப் போட்டால் நோய்க்குத்தான் கொண்டாட்டம். பச்சையும் காய்ந்ததும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, வெட்டிய முனையைத் தம்ளர் தண்ணீரில் வையுங்கள். சில நிமிடங்களில் பால்போலக் கசிந்து இறங்குவதில் நிறைந்திருப்பது சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற பாக்டீரியா.

இலையோரத்து நீர்த்துளைகளிலும் காயங்களிலும் நுழையும் இந்த பாக்டீரியா, நீரேறும் சைலம் குழாய்களில் பெருகுகிறது. செல்லுலோஸ், சைலன் நாராலான செல் சுவரைக் கரைக்கப் பல நொதிகளைச் சுரக்கிறது. 2005இல் கொரிய விஞ்ஞானிகள் இதன் மரபணுத்தொகுதியை முழுதாகப் படித்து வெளியிட்டார்கள். சுமார் 49 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள்.

ஆனால் மரபணுப் பட்டியல் கையில் இருந்தும் ஒரு கேள்வி நின்றது. இதே இனத்தின் இன்னொரு வகை நெல்லில் இலைக்கீற்று நோயைத் தருகிறது. அது இலைச் சதையோடு நின்றுவிடும், குழாய்க்குள் போகாது. ஏன்? பல பாக்டீரியாக்களின் மரபணுத்தொகுதிகளை அருகருகே வைத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வந்தது. செல்லுலோஸை முனையிலிருந்து நறுக்கும் நொதிக்கான சிபிஎஸ்ஏ என்ற மரபணு குழாய்க்குள் போகும் வகைகளில் இருக்கிறது. மற்றவற்றில் இல்லை, அல்லது சிதைந்து கிடக்கிறது. சதையோடு நிற்கும் உறவு பாக்டீரியா ஒன்றுக்கு அதைக் கொடுத்ததும் அதுவும் குழாயில் பரவியது. ஒரே ஒரு மரபணு!

சுவரை உடைப்பதில் ஆபத்தும் உண்டு. ஐதராபாத்தின் சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் மையம்) ஆய்வகத்தில் ரமேஷ் சோன்டி குழுவினர் சுவரைக் கரைக்கும் அந்த நொதிகளில் ஒன்றைப் பிரித்தெடுத்து நெல் இலைக்குள் செலுத்தினார்கள். பயிரின் தற்காப்பு விழித்துக்கொண்டது. அதை அடக்க பாக்டீரியா வேறு புரதங்களைச் செல்லுக்குள் அனுப்புகிறது. திருடன் பூட்டை உடைக்கவும் வேண்டும், நாயை அமர்த்தவும் வேண்டும்.

சிசிஎம்பியும் ஐதராபாத் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் இந்த நோய்க்கான எதிர்ப்பு மரபணுக்கள் மூன்றைச் சேர்த்து உருவாக்கிய மேம்பட்ட சம்பா மசூரி நெல் ரகம் 2008இல் வெளியானது. 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் அம்பாசமுத்திரத்தில், அம்பை 16 ரகம் விதைத்துப் பழகிய விவசாயிக்கு ரகம் மாற்றுவது சட்டென நடக்காது. ஆனால் நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளாமல் இருப்பதை இந்தப் பருவத்திலேயே செய்யலாம். கிள்ளிய காயம் பாக்டீரியாவுக்கு நேரடி வாசல்.