மரை, விட்டம், தோல்: பழைய மிதிவண்டிக்குப் பொருந்தும் உறுப்புகள்

பழைய மிதிவண்டி ஒன்றைச் சீரமைப்பதில் துருவும் உரிந்த வண்ணமும் பெரிய இடையூறுகள் அல்ல. தேய்ந்துபோன ஓர் உறுப்புக்கு ஈடாக, அதே விட்டமும் அதே மரையும் கொண்ட இன்னோர் உறுப்பைக் கண்டெடுப்பதே கடினமான வேலை. ஒரே ஆலையில் முழுமையாக உருவான பொருளைப் போல மிதிவண்டி தோன்றினாலும், 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு இங்கிலாந்து, பிரான்சு, இத்தாலி ஆகிய நாடுகளின் ஆலைகள் தத்தம் போக்கில் வகுத்துக்கொண்ட அளவுமுறைகள் அதன் ஒவ்வொரு மூட்டிலும் பதிந்திருக்கின்றன. ஆகவே வண்டியின் மீதுள்ள பெயரை நம்பிக் கடைக்குச் செல்பவரைவிட, அது எந்த அளவுமுறையில் பிறந்தது என்பதை அளந்து அறிந்து செல்பவருக்கே உறுப்பு கிடைக்கிறது.

தமிழ்நாட்டில் பழைய வண்டி என்றால் அது பெரும்பாலும் 28 இஞ்ச் சக்கரமும், இரும்புக் கம்பிகளால் இழுக்கப்படும் ராட் பிரேக்கும், தோல் இருக்கையும் கொண்ட ‘ரோட்ஸ்டர்’ வகையாகவே இருக்கும். வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகச் சவ்வாது மலையடிவாரத்து அமிர்திக்குச் செல்வது போன்ற ஏற்ற இறக்கமான தடங்களில் ஆளோடு சுமையையும் தாங்கிச் செல்வதற்கு, நீண்ட சட்டகமும் அகன்ற டயரும் உடைய இவ்வகையே ஏற்றதாக இருந்தது. இதன் வடிவம் இங்கிலாந்திலிருந்து வந்தது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் இணைந்து 1949இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், பர்மிங்காமின் ஹெர்குலிஸ் வண்டியை இங்கே உருவாக்கியது. வங்காளத்தின் அசன்சோலில் சென்-ராலே நிறுவனம் நாட்டிங்காமின் ராலே வண்டியை உருவாக்கியது. 1951இல் சோனிபத்தில் தொடங்கிய அட்லஸும் 1956இல் லூதியானாவில் தொடங்கிய ஹீரோவும் அதே ஆங்கிலேய வடிவத்தைப் பின்பற்றின.

இதனால் ஒரு வியப்பான நிலை உருவாகியிருக்கிறது. ராலே நிறுவனம் நாட்டிங்காமில் வண்டி உருவாக்குவதை 2002இல் நிறுத்திவிட்டது. ராட் பிரேக்கும் 28 இஞ்ச் டயரும் இங்கிலாந்தில் அரும்பொருள்களாகிவிட்டன. இந்தியாவிலோ லூதியானாவின் ஆலைகள் அவற்றைத் தொடர்ந்து உருவாக்கி வருவதால், ஆங்கிலேய ரோட்ஸ்டருக்கான பல உறுப்புகள் அது பிறந்த நாட்டைவிட வேலூரின் சைக்கிள் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. அதே கடைகளில் பிரெஞ்சு வண்டிக்கோ இத்தாலியப் பந்தய வண்டிக்கோ ஓர் உறுப்பு கேட்டால் கிடைப்பது அரிது.

சக்கரம்: பெயர் ஒன்று, அளவு வேறு

பொருந்தாமை முதலில் தென்படுவது டயரில். டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டுள்ள 28 × 1½ என்ற குறிப்பு, காற்றடைத்த டயரின் வெளிவிட்டத்தையும் அதன் தடிமனையும் இஞ்சில் தருகிறதே தவிர, ரிம்மின் அளவைத் தருவதில்லை. டயரின் விளிம்புக் கம்பி ரிம்மில் எந்த விட்டத்தில் அமர்கிறதோ, அந்த அமர்வு விட்டமே பொருத்தத்தை முடிவு செய்கிறது. 28 × 1½ டயருக்கு அது 635 மி.மீ.; இருபுறமும் 1½ இஞ்ச் தடிமனைக் கூட்டினால் ஏறத்தாழ 711 மி.மீ., அதாவது 28 இஞ்ச் வரும். பந்தய வண்டிகளில் இன்று பரவலாக உள்ள 700சி சக்கரத்தின் அமர்வு விட்டம் 622 மி.மீ.; பழைய ஆங்கிலேயப் பந்தய வண்டிகளின் 27 × 1¼ சக்கரத்துக்கு 630 மி.மீ. பெயரில் 27 ஆக இருப்பது அமர்வில் 700சியைவிடப் பெரியது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆரத்தில் 4 மி.மீ. மட்டுமே என்பதால், பிரேக் கட்டையைச் சற்றுத் தாழ்த்தி ஒன்றின் இடத்தில் மற்றதைப் பொருத்தும் வழக்கம் உண்டு.

இதனினும் ஏமாற்றக்கூடியது 26 இஞ்ச் டயர். 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதப்பட்ட டயரின் அமர்வு விட்டம் 590 மி.மீ.; 26 × 1.375 என்று தசமத்தில் எழுதப்பட்டதற்கு 559 மி.மீ. கணக்கில் 1⅜ம் 1.375ம் ஒரே எண்தான். ஆயினும் ஒன்றுக்கான ரிம்மில் மற்றது ஏறாது. 26 × 1½ டயருக்கோ 584 மி.மீ. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே டயரின் தடிமனையும் அமர்வு விட்டத்தையும் மில்லிமீட்டரில் சேர்த்தெழுதும் பன்னாட்டு முறை பின்னர் வகுக்கப்பட்டது. அம்முறையில் 37-590 என்றிருந்தால் தடிமன் 37 மி.மீ., அமர்வு விட்டம் 590 மி.மீ. என்று பொருள், பழைய டயரில் அந்த எண் இல்லாவிட்டால் ரிம்மையே அளந்து பார்ப்பதுதான் வழி.

விட்டம் பொருந்தினாலும் ரிம்மின் குறுக்குவெட்டு வடிவம் பொருந்த வேண்டும். ராட் பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை, அதாவது கம்பிகள் புறப்படும் பக்கத்தை, வெளிநோக்கி அழுத்துகின்றன. கேபிள் பிரேக்கின் கட்டைகளோ பக்கச் சுவர்களை அழுத்துகின்றன. முதல் வகைக்கு உட்புறத்தில் வளைந்த தடம் உடைய ரிம்மும், இரண்டாம் வகைக்குத் தட்டையான பக்கச் சுவர் உடைய ரிம்மும் தேவை. துளைகளின் எண்ணிக்கையும் கவனிக்கத்தக்கது: பழைய ஆங்கிலேய வழக்கப்படி முன்சக்கரத்துக்கு 32 கம்பிகளும், சுமை தாங்கும் பின்சக்கரத்துக்கு 40 கம்பிகளும் இருக்கும்; பிற நாட்டு வண்டிகளில் இரண்டுக்கும் 36 என்பது பெருவழக்கு. ஹப்பின் துளையும் ரிம்மின் துளையும் ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு தேர்ந்த மெக்கானிக்காலும் அச்சக்கரத்தைக் கட்டிக் கோட்டம் எடுக்க இயலாது.

மரை: கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு

டயரின் பொருந்தாமை உடனே தெரிந்துவிடும். மரையின் பொருந்தாமை முதல் சில சுற்றுகளுக்கு மறைந்திருந்து பின்னரே வெளிப்படும் என்பதால் அதுவே அதிகச் சேதம் விளைவிப்பது. பெடல்களைத் தாங்கும் அச்சு சட்டகத்தின் அடிக்குழாயினுள் இரு கிண்ணங்களுக்கு இடையே சுழல்கிறது, மெக்கானிக்குகள் பி.பி. ஆக்சில், பி.பி. கப் என்று அழைப்பவை இவையே. ஆங்கிலேய முறையில் இந்தக் கிண்ணத்தின் விட்டம் 1.37 இஞ்ச், மரை இஞ்சுக்கு 24. பிரெஞ்சு முறையில் 35 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. இடைவெளியில் மரையும், இத்தாலிய முறையில் 36 மி.மீ. விட்டமும் இஞ்சுக்கு 24 மரையும். ராலே நிறுவனமோ தன் ஆலையின் பழைய வழக்கத்தை நெடுங்காலம் விடாமல், இஞ்சுக்கு 26 மரைகளை வெட்டிவந்தது.

24க்கும் 26க்கும் உள்ள வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். 24 மரைக் கிண்ணத்தில் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடையே 1.058 மி.மீ. இருக்கிறது, 26 மரைக் குழாயில் 0.977 மி.மீ. ஒரு மரைக்கு 0.08 மி.மீ. அளவே விலகுவதால் கிண்ணம் முதல் இரண்டு மூன்று சுற்றுகளில் இயல்பாக ஏறும். ஆறு மரைகள் உள்ளே சென்றதும் விலகல் ஏறத்தாழ அரை மரையாகி, கிண்ணத்தின் மேடு குழாயின் பள்ளத்தில் அமராமல் மேட்டிலேயே மோதும். அந்நிலையில் நீண்ட ஸ்பானரைப் போட்டு வலிந்து திருகினால், மென்மையான எஃகாலான சட்டகத்தின் மரை வழித்தெடுக்கப்படும். அதன்பின் சரியான கிண்ணம் கிடைத்தாலும் அது நிற்பதற்கு மரை இராது. ஒரு ராலே வண்டியில் 26 மரை உள்ளதா 24 மரை உள்ளதா என்பதைப் பெயர்ப்பட்டையைக் கொண்டு முடிவு செய்யாமல், பற்கள் வெட்டிய மெல்லிய தகடான மரை அளவியை வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

மரையின் திசையும் ஓர் அளவுமுறையே. ஆங்கிலேய முறையில் வலப்பக்கக் கிண்ணமும் இடப்பக்கப் பெடலும் இடமரை கொண்டவை. அவற்றைக் கழற்ற, வழக்கத்துக்கு மாறாக வலஞ்சுழியாகத் திருக வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. பெடலின் அச்சுக்கும் கிராங்கின் துளைக்கும் இடையே நுண்ணிய இடைவெளி இருப்பதால், காலின் அழுத்தம் சுழன்று சுழன்று விழும்போது அச்சு துளையின் உட்சுவரில் எதிர்த்திசையில் மிக மெல்ல உருள்கிறது. வலப்பெடலில் இந்த உருளல் வலமரையை இறுக்குகிறது, இடப்பெடலில் வலமரை இருந்தால் அதே உருளல் அதைக் கழற்றிவிடும். இத்தாலிய முறையில் அடிக்குழாயின் இரு கிண்ணங்களும் வலமரை கொண்டவை என்பதால், அவ்வண்டிகளில் வலக்கிண்ணத்தை மிக இறுக்கமாக முடுக்க வேண்டியிருக்கிறது.

கிராங்கை அச்சோடு பிணைப்பது காட்டர் பின் என்னும் ஆப்பு. ஆங்கிலேய வண்டிகளில் அதன் விட்டம் பெரும்பாலும் 9.5 மி.மீ., ஐரோப்பிய வண்டிகளில் 9 மி.மீ.; சிறியதைப் பெரிய துளையில் போட்டால் கிராங்க் ஆடும், ஆடும் கிராங்க் அச்சின் வெட்டையே தின்றுவிடும். பின்னின் ஒரு பக்கம் சாய்வாக ராவப்பட்டிருக்கும். அந்தச் சாய்வு இரு பின்களிலும் ஒன்றாக இல்லாவிட்டால் இரு கிராங்குகளும் ஒரே நேர்கோட்டில் நில்லாமல் ஒன்றுக்கொன்று சற்றுக் கோணலாக நிற்கும். பின்னை நட்டால் இழுத்து அமர்த்தக் கூடாது. கிராங்குக்கு அடியில் கனமான இரும்பைத் தாங்கு கொடுத்துச் சுத்தியால் அடித்து அமர்த்திய பின், அது நழுவாதிருக்க மட்டுமே நட்டு போடப்படுகிறது. தாங்கு கொடுக்காமல் அடித்தால் அடியின் அதிர்ச்சி, அச்சுக்கும் கிண்ணத்துக்கும் இடையே உருளும் பால்ரஸ் உருண்டைகள் வழியே கிண்ணத்தில் குழி பதிக்கும். பால்ரஸ்களையும் பழையதும் புதியதுமாகக் கலந்து போடலாகாது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பெரிதாக உள்ள ஒன்றிரண்டு உருண்டைகளே முழுப் பளுவையும் சுமந்து விரைவில் வெடித்துவிடும்.

இருக்கை: தோல் நாட்டில் தோல் தேடல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில், மிதிவண்டியின் தோல் இருக்கையைப் புதுப்பிப்பது எளிதாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடைமுறை வேறு. பழைய இருக்கையின் மேல்தோல் ஏறத்தாழ 5 மி.மீ. தடிமன் உடையது, அதற்கு அடியில் மெத்தையோ தட்டோ கிடையாது, முன்னும் பின்னும் உள்ள இரும்புப் பட்டைகளில் ஆணி அறைந்து இழுத்துக் கட்டப்பட்ட தோலே உடலைத் தாங்குகிறது. இத்தோலை நீரில் ஊறவைத்து, அச்சின்மேல் இழுத்துப் படிய வைத்து உலர்த்தினால், காய்ந்த பிறகும் அந்த வடிவத்திலேயே விறைப்பாக நிற்க வேண்டும். மரப்பட்டைச் சாற்றால் பதனிட்ட தோலுக்கே இந்தப் பண்பு உண்டு. பட்டையின் துவர்ப்புப் பொருள் தோலின் நார்களுக்கு இடையே நிறைந்து அவற்றைக் கெட்டிப்படுத்துகிறது. குரோமிய உப்பால் பதனிட்ட தோலோ மென்மையும் மீள்தன்மையும் பெற்று, இழுத்து வைத்த வடிவத்திலிருந்து மீண்டுவிடுகிறது.

ஆவாரம்பட்டையாலும் கொன்றைப்பட்டையாலும் பதனிட்டுக் கடுக்காயால் நிறம் தேற்றும் முறை தமிழ்நாட்டின் பழைய தோல் வணிகத்தின் அடிப்படையாக இருந்தது. 1970களில் நடுவணரசு அரைப்பதத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமைப்படுத்திய தோலையும் காலணியையும் ஊக்குவித்ததை அடுத்து, ஆம்பூர் வட்டாரம் ஒன்றிரண்டு மி.மீ. தடிமனுள்ள குரோம் தோலுக்கும் காலணிக்கும் பெயர்பெற்றது. எனவே இருக்கைக்குத் தோல் தேடுபவர் காலணி மேல்தோல் விற்கும் கடைகளை விடுத்து, பட்டையால் பதனிட்ட கனத்த மாட்டுத்தோலையோ எருமைத்தோலையோ கேட்டுப் பெற வேண்டும். விலங்கின் முதுகுப் பகுதியிலிருந்து, முதுகெலும்புக் கோடு இருக்கையின் நடுக்கோட்டில் விழுமாறு வெட்டினால்தான் இரு பக்கமும் ஒரே சீராக இழுபடும். வயிற்றுப் பகுதித் தோல் தளர்ந்த நார் கொண்டதாகையால் சில மாதங்களில் தொய்ந்துவிடும்.

தேடும் முறை

பற்சக்கரங்கள் பல கொண்ட பழைய பந்தய வண்டிகளில் மேலும் ஓர் அளவு சேர்கிறது: பின்சக்கரம் அமரும் இரு கவைகளுக்கு இடைப்பட்ட அகலம். ஐந்து பற்சக்கரக் காலத்தில் 120 மி.மீ. ஆக இருந்த இது, ஆறும் ஏழும் வந்தபோது 126 மி.மீ. ஆகவும், பின்னர் 130 மி.மீ. ஆகவும் விரிந்தது. செயினும் அதற்கேற்ப மெலிந்தது. ஒற்றைப் பற்சக்கர ரோட்ஸ்டருக்கு ⅛ இஞ்ச் அகலச் செயின், கியர் வண்டிக்கு 3/32 இஞ்ச். அகலமான செயின் மெல்லிய பல்லில் ஓடும். மெல்லிய செயின் தடித்த பல்லில் அமராது.

இவ்வளவையும் கருதும்போது தேடலின் முறை தெளிவாகிறது. எந்த உறுப்பையும் தூக்கி எறியாமல் கழற்றி வைத்து, வெர்னியர் காலிப்பரால் விட்டத்தையும் மரை அளவியால் மரையையும் அளந்து எழுதிக்கொண்டு, பின்னர் உடைந்த உறுப்பையே கையில் எடுத்துச் செல்வது முதல் படி. சைக்கிள் கடையில் கிடைக்காதது காயலான் கடையில் கிடைக்கலாம்; அங்கே ஓர் உறுப்பைத் தனியாகத் தேடுவதைவிட, அதே அளவுமுறையில் பிறந்த பாழடைந்த வண்டி ஒன்றை முழுதாக வாங்குவது பலமுறை சிக்கனமாக முடியும். இரண்டிடத்திலும் இல்லாததை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம்.

பட்டறைக்குச் செல்லும்போது எதை மாற்றுவது என்பதில் தெளிவு வேண்டும். அச்சு, கிண்ணம், பின் ஆகியவை தேயவென்றே அமைந்தவை. அவற்றைச் சட்டகத்துக்கு ஏற்பக் கடைவதில் தவறில்லை. கையில் கிடைத்த உறுப்புக்காகச் சட்டகத்தின் மரையை மறுபடி வெட்டுவதோ, கிராங்கின் துளையைப் பெரிதாக்குவதோ மீளாத மாற்றம். அவ்வாறு வெட்டப்பட்ட வண்டி எந்த நாட்டு அளவுமுறையிலும் சேராமல் போவதால், அடுத்த முறை அது தேய்ந்தால் கடையிலோ காயலான் கடையிலோ அதற்கு உறுப்பு இராது; பட்டறைக்காரர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கடைந்து தந்தால்தான் வண்டி ஓடும்.