கப்பலில் துணி துவைக்கப் போன கதை

குரூஸ் போய்விட்டு வந்தோம் என்றதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பாடு எப்படி, சைவம் கிடைச்சுதா?" அடுத்தது, "தலை சுத்துச்சா?" துணியை என்ன செய்தீர்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது இரவுப் பயணத்தில் எங்கள் குடும்பத்துக்கு நடந்த முக்கியமான விஷயம் தீவிலும் நடக்கவில்லை, நீச்சல் குளத்திலும் நடக்கவில்லை. கப்பலின் லாண்டிரி அறையில்தான் நடந்தது. அதனால் துணி துவைப்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

நாங்கள் சிட்னியில் இருக்கிறோம். நான், கணவர், பதின்மூன்று வயது மகள், ஒன்பது வயது மகன். கூடவே நாகப்பட்டினத்திலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்த அம்மா. அவருக்கு எழுபத்தொரு வயது. சர்குலர் கீயில் கப்பல் ஏறினால் முதல் இரண்டு நாளும் வெறும் கடல்தான். அப்புறம் நியூ கலிடோனியாவின் நூமியா, லீஃபூ, வனுவாட்டுவின் மிஸ்டரி தீவு, மறுபடி கடல், வீடு. மெல்பர்ன்காரர்கள் ஸ்டேஷன் பியரில் ஏறி டாஸ்மேனியா, நியூசிலாந்து பக்கம் போவார்கள். எங்கே ஏறினாலும் துணிக் கணக்கு ஒன்றுதான்.

விமானம் மாதிரி கிலோ பார்க்க மாட்டார்களே என்று முதலில் பெட்டி பெட்டியாக அடுக்கினேன். கேபினுக்குள் போனதும்தான் புரிந்தது, அலமாரி நம் வீட்டு மருந்து அலமாரியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதோடு, குளத்தில் ஊறும் பையனுக்கு ஒரு நாளைக்கு மூன்று செட் வேண்டும். நாலாவது நாள் அழுக்குத் துணி பையை மீறி வெளியே வந்துவிட்டது.

மூன்று வழிகள்

முதல் வழி, கப்பல்காரர்களிடமே கொடுப்பது. கேபினில் ஒரு பையும் ஒரு படிவமும் வைத்திருப்பார்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று விலை. ஐந்து பேர் துணியைக் கூட்டிப் பார்த்தால் புதுத்துணியே வாங்கிவிடலாம் போலிருக்கும். பயணத்தின் நடுவில் சில கப்பல்களில், பை நிறையத் திணித்தால் ஒரே விலை என்று அறிவிப்பார்கள். கொடுப்பதாக இருந்தால் அதற்குக் காத்திருந்து கொடுங்கள். எங்களுக்கு வந்த படிவத்தில் சேலைக்கு இடமே இல்லை. 'பிளவுஸ்' என்று ஒரு வரி இருந்தது. அது நம் ஜாக்கெட் இல்லை, பெண்கள் போடும் மேல்சட்டை.

இரண்டாவது, நாமே மெஷினில் போடுவது. இது எல்லாக் கப்பலிலும் கிடையாது. கார்னிவல், பிரின்சஸ் கப்பல்களில் பயணிகளுக்கென்று லாண்டிரி அறைகள் உண்டு. வாஷிங் மெஷின், டிரையர், அயர்ன் பாக்ஸ், மேஜை எல்லாம் இருக்கும். ராயல் கரீபியன் கப்பல்களில் அப்படி ஒன்று இல்லை. நம்மில் பலர் போய்வந்த பி அண்ட் ஓ ஆஸ்திரேலியா என்ற பெயர் 2025-இல் முடிந்துபோய், அதன் இரண்டு கப்பல்கள் இப்போது கார்னிவல் பெயரில் ஓடுகின்றன. குழந்தைகளோடோ வயதானவர்களோடோ போகிறவர்கள் பால்கனி இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் லாண்டிரி இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்றாவது, பாத்ரூம் பேசினில் கையால் அலசுவது. குளிக்கிற இடத்தில் இழுத்துக் கட்ட ஒரு சின்னக் கொடி இருக்கும். நீச்சல் உடை, மெல்லிய துணி என்றால் காயும். பருத்திப் பாவாடையும் ஜீன்ஸும் ஜன்னலில்லாத கேபினில் இரண்டு நாளானாலும் ஈரவாடையோடுதான் தொங்கும். பால்கனியில் காயப்போடலாமா என்றால், கூடாது. காற்றில் பறந்துபோகும் என்று விடமாட்டார்கள்.

அயர்ன் பாக்ஸ், கெட்டில், பவர் போர்டு எதையும் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம். ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். கப்பலில் இருப்பவர்களுக்குப் புயலைவிடத் தீயைத்தான் அதிகப் பயம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்ததை நம் ஊர்ப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அம்மாவின் துணி

எங்கள் வீட்டில் வார இறுதியில் மெஷின் போடுவது கணவர். அம்மா வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார், "என் துணிய நானே பாத்துக்கிறேன். மாப்பிள்ளை கையில போகக் கூடாது." விடிவதற்கு முன் எழுந்து, லாண்டிரித் தொட்டியில் கையால் துவைத்து, பின்பக்கம் ஹில்ஸ் ஹாய்ஸ்டில் காயப்போட்டுவிடுவார். அதுவும் குடைக்கம்பி மாதிரி விரிந்த அந்தக் கொடியின் உள்வரிசையில், வெளியே ஒரு பெட்ஷீட்டை மறைப்பாகப் போட்டுவிட்டு. ஊர்ப்பழக்கம், கூச்சம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். எனக்கும் வசதியாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

கப்பலில் தோட்டமும் இல்லை, கொடியும் இல்லை. அம்மாவும் மகளும் பக்கத்துக் கேபின். இரண்டாம் நாளே மகள் சொன்னாள், "பாட்டி எப்பப் பாத்தாலும் பாத்ரூம்ல தண்ணியத் திறந்து விட்டுட்டு இருக்காங்க." கேபினைச் சுத்தம் செய்ய வந்த பையனை அம்மா உள்ளேயே விடவில்லை. தொந்தரவு செய்யாதே என்ற அட்டை கதவில் தொங்கிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் டம்ளரைத் தொடவில்லை. லீஃபூவில் பெரிய கப்பல் கரைக்கு வராது. சின்னப் படகில் ஏறிப் போக வேண்டும். "முட்டி வலிக்குது, நீங்க போய்ட்டு வாங்க" என்று இருந்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. நானும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நம்பினேன்.

அன்று ராத்திரி எல்லோரும் தியேட்டரில் பாட்டுக் கச்சேரி பார்க்கப் போயிருந்தார்கள். தலைவலி என்று அம்மா வரவில்லை. கூட்டம் இருக்காது என்று நான் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு லாண்டிரிக்குப் போனேன். (காலையிலும், துறைமுகத்திலிருந்து திரும்பும் நேரத்திலும் அங்கே ரேஷன் கடை வரிசைதான். ஷோ நேரம்தான் சரியான நேரம்.)

உள்ளே அம்மா நின்றிருந்தார். கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை. இன்னொரு கையில் கேபின் கார்டு. அதை எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் மெஷினைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

"குடும்மா, இதோட சேத்துப் போட்டுர்றேன்."

"வேண்டாம்டி. அது வேற."

எதற்காக வேறு என்று கேட்க வாயெடுத்தபோதே வாடையில் தெரிந்துவிட்டது. நான்கு உள்பாவாடை, இரண்டு நைட்டி. காயாத துணியை மறுபடி கட்ட முடியாது, இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

இருமினால், தும்மினால், படுக்கையிலிருந்து எழுந்தால் சிறுநீர் கசிகிறது. எத்தனை நாளாக? "அப்பா போனதுலேர்ந்தே இருக்கு." அப்பா போய் ஆறு வருஷம். ஆறு வருஷமாக ஒவ்வொரு முறை வீடியோ காலிலும் சாப்பிட்டியா, சுகர் பார்த்தியா என்று கேட்டிருக்கிறேன். "மூணு பிள்ளை பெத்த உடம்பு. இதப் போய் யார்ட்டடி சொல்றது?" என்றார்.

நான் எதுவும் சொல்லவில்லை. அவர் துணியைத் தனி மெஷினில் போட்டு, கார்டை எங்கே வைக்க வேண்டும், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் காட்டினேன். வெந்நீர், ஒரு மூடி சோப்பு. இரண்டு பேரும் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம்.

மெஷின் கண்ணாடியில் நுரை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று கேட்டார், "கடலுக்கு நடுவுல இவ்வளவு நல்ல தண்ணி எங்கேர்ந்து?" கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ, சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டியோ உப்பை நீக்கிக் கப்பலிலேயே தயாரிக்கிறார்கள் என்றேன். உப்பு போன தண்ணீர் என்பதால் சோப்பு கொஞ்சம் போட்டாலே நுரைக்கிறது. "நம்மூர்ல ஒரு கட்டி கரைச்சாலும் நுரைக்காது" என்று சிரித்தார். அப்புறம் தாத்தா கதை வந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1926-லிருந்து 1973 வரை ஓடிய ராஜுலா கப்பலில் தாத்தா பினாங்கு போனவர். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்த கூட்டத்தில் ஒருவர். கப்பலில் கடல்தண்ணியில் அலசிய வேட்டி, காய்ந்ததும் அப்பளம் மாதிரி நின்றது என்று சொல்வாராம். "உங்க தாத்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. அவரு வேட்டிய யாரும் பாத்தா என்ன, ஆம்பளை" என்றார் அம்மா. அந்த வாக்கியத்தில்தான் அவருடைய ஆறு வருஷமும் இருந்தது.

திரும்பி வந்த பிறகு

சிட்னி திரும்பிய வாரமே ஜிபியிடம் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு மெடிகேர் கிடையாது. இந்தியாவிலிருந்து வரும் பெற்றோருக்கு அந்த ஏற்பாடு இல்லை. காசு கட்டித்தான் பார்த்தோம். சிறுநீரில் தொற்று இருக்கிறதா, சர்க்கரை கூடியிருக்கிறதா, மலச்சிக்கல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவை மூன்றுமே கசிவை அதிகமாக்கும். தண்ணீர் குடிக்காமல் இருப்பது உதவாது, சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் உறுத்தும் என்றார். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோவிடம் அனுப்பினார். அம்மா தினமும் மூன்று வேளை, சீரியல் பார்த்துக்கொண்டே செய்தார். மூன்று மாதத்தில் முழுசாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் குறைந்தது. அதுவே அவருக்குப் பெரிய விடுதலை.

இங்கே இருப்பவர்களுக்கு ஒரு தகவல். ஆஸ்திரேலியாவின் தேசிய கான்டினன்ஸ் உதவி எண் 1800 33 00 66. இந்த விஷயத்திலேயே பயிற்சி பெற்ற நர்சுகள் பேசுவார்கள், இலவசம். அம்மாவே பேச வேண்டும், ஆங்கிலம் வராது என்றால் 131 450-ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு இணைக்கச் சொல்லலாம். மகனோ மருமகளோ நடுவில் நின்று மொழிபெயர்க்காமல் இருப்பதே சில அம்மாக்களுக்குப் பாதி வைத்தியம்.

கணவரிடம் சொன்னேன், அம்மாவின் சம்மதத்தோடுதான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை முதல் தன் துணி முடிந்ததும் மெஷினைக் காலிசெய்து, "அத்தை, இப்ப நீங்க போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். அம்மா தன் துணியைத் தானேதான் போடுகிறார். அதை நான் மாற்றப் பார்க்கவில்லை. மூடி போட்ட ஒரு வாளியும், அலமாரியில் நாப்கின் பாக்கெட்டும் வைத்ததோடு சரி. மறைக்கத் தேவையில்லாமல் போக வேண்டும், ஆனால் எல்லோர் முன்னாலும் விரித்துக் காட்டவும் வேண்டியதில்லை.

பெற்றோரைக் கப்பலில் கூட்டிப் போகிறவர்களுக்கு

லாண்டிரி உள்ள கப்பலைப் பாருங்கள். ஏறிய அன்றே மெஷினை அவர்களுக்கு இயக்கிக் காட்டுங்கள். துணியை யாரிடமும் கொடுக்காமல் தாங்களே போட்டுக்கொள்ள முடிந்தால் நிம்மதியாக இருப்பார்கள். சோப்பை வீட்டிலிருந்தே சின்னப் பாட்டிலில் எடுத்துப் போங்கள், அங்கே விலை அதிகம். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்பு. காந்தக் கொக்கி நாலு கொண்டுபோனால் ஈரத்துணி மாட்டலாம். சீக்கிரம் காயும் உள்பாவாடை இரண்டு கூடுதலாக வையுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு பட்ட துணி இருந்தால் மற்றதோடு கலக்காமல் வெந்நீரில் தனியாகப் போடுங்கள். கப்பலில் வயிற்றுக் கிருமி ஒருவருக்கு வந்தால் வேகமாகப் பரவும்.

உங்கள் அம்மாவோ மாமியாரோ "என் துணிய நானே பாத்துக்கிறேன்" என்று சொன்னால், பழைய பழக்கம் என்று என்னைப்போல் விட்டுவிடாதீர்கள். பழக்கமாகவே இருக்கலாம். ஆனாலும் தனியாக இருக்கும்போது, யாரும் கேட்காத நேரத்தில், ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

அம்மா போன மாதம் ஊருக்குக் கிளம்பிவிட்டார். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹில்ஸ் ஹாய்ஸ்டில் அவருடைய பாவாடைகள் காய்ந்துகொண்டிருந்தன. உள்வரிசையில்தான். பெட்ஷீட் மறைப்பு மட்டும் இல்லை.