நம்பிக்கை மையத்துக்குப் போகத் தயங்க வேண்டாம்

எச்.ஐ.வி. என்றதும் பெண்ணின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. இந்தியாவில் இக்கிருமி முதலில் தெரியவந்தது 1986-ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் அப்போது பரிசோதித்தது பாலியல் தொழிலில் இருந்த பெண்களை. அந்த முத்திரைதான் ஒட்டிக்கொண்டது. ஆனால் வெளியூரில் பிழைக்கும் கணவர் மூலம், வீட்டுப் படி தாண்டாத மனைவிக்கும் இது வரலாம்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். ஆலோசகர் முதலில் தனியாகப் பேசுவார். உங்கள் சம்மதமின்றி ரத்தம் எடுக்கக் கூடாது. முடிவை அக்கம்பக்கத்துக்கோ ஜமாஅத்துக்கோ சொல்லவும் கூடாது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் இது.

கர்ப்பிணிகள் தொடக்கத்திலேயே பரிசோதித்துக்கொள்ளுங்கள். தொற்று இருந்தாலும், கூட்டு மருந்தை விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் குழந்தைக்குப் பரவாது. வன்கொடுமைக்கு ஆளானவர் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர வேண்டும்; தடுப்பு மாத்திரை 28 நாள். போலீஸ் புகாருக்காகக் காத்திருக்க வேண்டாம். இதை மட்டுமாவது வீட்டுப் பெண்பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

தியாகதுருகத்தில் எல்லாம் தெரிந்த முகங்கள் என்று கூச்சமா? கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். துணை வேண்டுமென்றால் எங்கள் சகோதரிகள் உடன் வருவார்கள், எதற்கென்று கேட்கமாட்டோம். முதலில் விசாரிக்க, கட்டணமில்லா எண் 1097.