பூநாரைக்கு எல்லைக்கோடு தெரியுமா?

ஸ்கூல் வேனில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடும் என் குட்டி விஞ்ஞானியே, வா!

சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடம் சாலையில் புத்தம்புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு டிரெய்லர் லாரிகள் போகின்றன அல்லவா? “அதெல்லாம் எங்கே மாமா போகுது?” என்று ஒரு குட்டிப் பெண் கேட்டாள். சபாஷ்! பல லாரிகள் எண்ணூர் துறைமுகத்துக்குப் போகின்றன. அங்கே கார்கள் கப்பலேறும்.

எண்ணூரிலிருந்து கரையோரமாக இன்னும் வடக்கே போனால் பழவேற்காடு. நானூறு வருஷத்துக்கு முன்பு அங்கேயும் ஏற்றுமதி ஜோர். ஆனால் சரக்கு கார் இல்லை, துணி! மலேசியாவில் இன்றும் ஒரு வகைக் கைலியை ‘பெலிக்கட்’ என்கிறார்கள். பழவேற்காடு என்ற பெயர்தான் அப்படித் திரிந்துவிட்டது.

அந்தத் துணிக்காக வந்தவர்கள் டச்சுக்காரர்கள். 1612-இல் சாந்தோமிலிருந்து போர்ச்சுகீசியர் வந்து அவர்களுடைய பண்டகசாலையை அடித்து நொறுக்கினார்கள். அடிபட்டவர்கள் சும்மா இருப்பார்களா? 1613-க்குள் கோட்டையே கட்டிவிட்டார்கள். பெயர் கெல்ட்ரியா. பிறகு 1781-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், 1795-இல் மறுபடி பிடித்தார்கள். அறுந்த பட்டம் மாதிரி ஊர் கைமாறிக்கொண்டே இருந்தது. நடுவில் கோட்டையையும் இடித்துவிட்டார்கள். 1825-இல் ஒருவழியாக ஆங்கிலேயரிடமே ஊர் தங்கிவிட்டது. இன்று கோட்டை இருந்த இடத்தில் முள்புதர்தான். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பயப்படாதே, கடிக்காது!

எனக்குக் கோட்டையைவிடப் பழவேற்காட்டு ஏரிதான் பிடிக்கும். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீர் கொண்டுவரும். முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புத் தண்ணீரை உள்ளே தள்ளும். மழைக்காலத்தில் ஏரியில் உப்பு குறைவு; கோடையில் கரிக்கும். இறால் குஞ்சுகள் கடலிலிருந்து உள்ளே வருவதும் அந்த வாசல் வழியாகத்தான். அலை மணலைக் கொண்டுவந்து குவித்து வாசலை அடைத்துவிட்டால்? இதுவும் முற்றுகைதான். பீரங்கி இல்லை, அவ்வளவுதான். புரிகிறதா?

மார்கழி, தையில் அங்கே பூநாரைகள் வரும். கால் குச்சி குச்சியாக, கழுத்து கேள்விக்குறி போல! தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றுத் தண்ணீரில் விடும். நாக்கு பம்பு மாதிரி தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற வரிசை. அதில் பாசியும் பூச்சியும் சின்னஞ்சிறு இறாலும் சிக்கிக்கொள்ளும். அம்மா டீ வடிகட்டும்போது கவனித்துப் பார்.

அதன் இளஞ்சிவப்பு எங்கிருந்து வந்தது? சாப்பாட்டிலிருந்துதான்! பாசியிலும் இறாலிலும் கரோட்டினாய்டு என்ற நிறமி இருக்கிறது. மாம்பழத்தின் மஞ்சளும் அதே குடும்பம். (அதற்காக நீ டஜன் மாம்பழம் தின்றால் பூநாரை ஆகமாட்டாய். வயிறுதான் வலிக்கும்.) பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறம். தின்னத் தின்னத்தான், சில வருஷங்களில், சிவப்பு ஏறும்.

1953-இல் ஆந்திரா தனி மாநிலமானபோது ஏரியும் இரண்டு மாநிலங்களுக்குப் பங்காகிவிட்டது. பெரும்பகுதி அந்தப் பக்கம். தண்ணீரில் கோடு போட முடியுமா? யார் எங்கே வலை போடுவது என்று இரண்டு பக்க மீனவர்களுக்கும் அவ்வப்போது தகராறு வரும். ஆனால் ஊருக்குள் அவர்களுக்கு ‘பாடு’ என்று பழைய வழக்கம் ஒன்று உண்டு. நல்ல மீன் கிடைக்கும் இடத்தில் இன்று உன் முறை, நாளை என் முறை. ஊஞ்சலுக்கு நீங்கள் வரிசையில் நிற்பதுபோலத்தான். எனக்கு இது ரொம்பப் பிடித்த ஏற்பாடு.

பூநாரைக்குக் கோடும் கிடையாது, பாடும் கிடையாது. காலையில் ஆந்திரா, மாலையில் தமிழ்நாடு!

தை மாதம் அப்பா அம்மாவோடு போய்ப் பார். கிட்டே போனால் கூட்டமே எழும்பிவிடும். எட்ட நின்றே பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் எத்தனை இருந்தன என்று எண்ணி எனக்கு எழுது, கண்ணு.