உப்பு எங்கிருந்து வந்தது?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும், மேல்விஷாரத்திலும் வேலூரிலும் பட்டம் பெற்று வெளிவருகிற இளைஞர்களிலே ஒரு சாரார் இன்று புதியதொரு பயிற்சியிலே ஈடுபட்டிருக்கக் காண்கிறோம். சிக்கலைப் பகுத்து ஆராய்ந்து தீர்க்கும் பயிற்சி அது. பெரிய ஆலோசனைக் கம்பெனிகளிலே வேலை வேண்டுமானால் அதிலே தேறியாக வேண்டும். தோல் சுமந்த தகப்பனின் மகன், செருப்புக் கம்பெனியிலே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்த தாயின் மகள், உலகக் கம்பெனிகளுக்கு யோசனை கூறப் புறப்படுகிறார்கள் என்றால் பூரிக்காமல் வேறென்ன செய்வோம்?

முறையும் நல்ல முறைதான். செருப்புக் கம்பெனி ஒன்றின் லாபம் குறைந்துவிட்டது, காரணம் கூறுக என்பார்கள். வரவு குறைந்ததா, செலவு கூடியதா என்று முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். வரவு என்றால், விற்ற ஜோடிகள் குறைந்தனவா, ஜோடிக்குக் கிடைத்த விலை குறைந்ததா? செலவு என்றால் தோலா, கூலியா, மின்சாரமா, வட்டியா? ஒன்று மற்றொன்றோடு கலக்கக் கூடாது. ஒன்றும் விட்டுப்போகவும் கூடாது. அமெரிக்காவின் மெக்கின்சி கம்பெனியிலே 1960-களில் பணியாற்றிய பார்பரா மின்டோ என்ற அம்மையார் இதை ஒழுங்குபடுத்தித் தந்தார். நோயிலிருந்து காரணத்துக்கும், காரணத்திலிருந்து சிகிச்சைக்கும் செல்லும் வரிசையை வள்ளுவர் அன்றே வகுத்தார் என்று சொல்லி மேடையிலே கைதட்டல் வாங்கிவிடலாம். அது நமது நோக்கமல்ல. கேள்வியை யார் போட்டுக் கொடுத்தது என்பதைத்தான் நாம் கேட்கிறோம். லாபம் ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு எத்தனை கிளை பிரித்தாலும், கிணறு ஏன் உப்பாயிற்று என்ற கிளை அதிலே முளைக்காது!

கிணறு உப்பான கதை நாடறிந்தது. பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் பாலாறு, மண்ணுக்கடியிலே ஓடும் நீரால்தான் ஊர்களை வாழவைத்தது. அந்த நீரிலே தோல் ஷாப்புகளின் கழிவு இறங்கிற்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்சநீதிமன்றம் ஏறிற்று. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் வழங்கிய தீர்ப்பு, கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை இந்திய நாட்டின் சட்டமாக நிலைநாட்டிற்று. தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். இந்த வட்டாரத்திலே ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டுவிட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது.

பிறகு நடந்ததைத்தான் நமது இளைஞர்கள் பாடமாகப் படிக்க வேண்டும். குழாயின் முடிவிலே வரும் நீரை எப்படிச் சுத்தம் செய்வது என்பதே எல்லோரும் எடுத்துக்கொண்ட கேள்வியாயிற்று. கேள்விக்கேற்ற விடையாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அவை இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் அந்தக் கழிவுநீரிலே இருப்பது ஒரே பொருளா? மயிரும் சதையும் கொழுப்பும் ஒரு வகை. அவற்றை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். குரோமியம் இன்னொரு வகை. அதைப் பிரித்தெடுத்து மீண்டும் டிரம்மிலே போடலாம். மூன்றாவது உப்பு. அதை எந்த நுண்ணுயிரும் தின்பதில்லை. நிலையத்தின் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறிவிடும். வெளியேறும் நீரிலே கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. விதிக்கு அடங்கச் சவ்வு வைத்து வடிகட்டினார்கள். நல்ல நீர் கிடைத்தது, மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சினார்கள், காசு கரைந்தது, கடைசியிலே பலவும் கலந்த உப்பு குவியலாகக் கிடந்தது. சமையலுக்கு ஆகாது, வாங்க ஆளில்லை. ஆற்றிலே இருந்த சிக்கல் கொட்டகைக்குக் குடிபெயர்ந்தது!

அந்த உப்பு எங்கிருந்து வந்தது? டொயோட்டா கம்பெனியின் தாயிச்சி ஓனோ, ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்கச் சொன்னாரே, அப்படிக் கேட்டுப் பார்ப்போம். ஊறல் தொட்டியிலே உப்பு ஏன்? வரும்போதே தோல் உப்போடு வருகிறது. ஒரு கிலோ பச்சைத் தோலுக்குச் சுமார் 400 கிராம் உப்புத் தடவுகிறார்கள். ஏன் தடவுகிறார்கள்? தடவாவிட்டால் வழியிலே அழுகிப்போகும். வழி ஏன் நீளம்? இங்கே அறுபடும் ஆடுமாடுகளின் தோல் இத்தனை டிரம்களுக்குப் போதாது. வெளி மாநிலங்களிலிருந்து லாரியிலே வர வேண்டியிருக்கிறது. குளிரூட்டி அனுப்பலாகாதா? அறுக்கும் இடத்திலே குளிர்ப்பெட்டி இல்லை, உப்புதான் மலிவு. ஏன் மலிவு? உப்புக்குக் கொடுக்கும் விலை ஒரு பங்கு. அதை நீரிலிருந்து பிரிக்கும் செலவு பல பங்கு. முன்னதைக் கொடுப்பவர் தோல் மண்டிக்காரர், பின்னதைக் கொடுப்பவர் தோல் ஷாப்காரர், பிரிக்காமல் விட்டால் கொடுப்பவர் கிணற்றுக்காரர். ஒருவர் செலவு மற்றொருவர் கணக்கிலே ஏறுவதில்லை. ஆலை வாசலோடு கோடு போட்டுக்கொண்டு ஆராய்கிறவரின் கண்ணுக்கு இது படவே படாது.

தோலை ஊறப் போடுமுன் உதறினால் உப்பிலே ஒரு பகுதி உலர்ந்தபடியே கொட்டிவிடும் என்பது தொழிலாளிக்குத் தெரியும். அடையாற்றிலே 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் தெரியும். உப்பைக் குறைத்துத் தோலைக் காக்கும் வழிகளை ஆராய்வதும், குரோம் பதனிடுவதிலே நீரைத் தவிர்க்கும் முறை கண்டதும் அந்த நிலையமே.

இங்கே இன்னொரு நிகழ்ச்சியையும் நினைவூட்டுகிறோம். தோலிலே பூஞ்சை பிடிக்காதிருக்கப் பயன்படுத்திய பென்டாகுளோரோபீனால் என்ற மருந்தை ஜெர்மனி 1989-இல் தடை செய்தது. நமது தோல் திரும்பி வந்துவிடுமே என்று ஊர் நடுங்கிற்று. ஒவ்வொரு கட்டமாகத் தேடி, மருந்து எங்கே சேர்கிறதென்று கண்டு, மாற்று மருந்துக்கு மாறினார்கள். கடல் கடந்த வாடிக்கைக்காரர் முகம் சுளித்தபோது சில ஆண்டுகளிலே தீர்வு வந்தது. பக்கத்து வயல்காரர் கண்ணீர் விட்டபோது ஒரு தலைமுறை போயிற்று. மருந்தை மாற்றுவது எளிது, உப்பை நிறுத்துவது கடினம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அது ஒன்றே காரணமென்றால் நம்புவதற்கு நாம் தயாராயில்லை.

2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டை சிட்கோவிலே கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பிலே உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். செலவு என்ற கிளையிலே சேறு அகற்றும் தொகை ஒரு வரியாக இருந்திருக்கும். அந்தச் சுவருக்குப் பக்கத்திலே யார் படுத்திருக்கிறார் என்பது எந்தக் கிளையிலே இருந்தது?

2025 ஜனவரி 30-இல் உச்சநீதிமன்றம் மறுபடியும் பேச வேண்டியதாயிற்று: இழப்பீட்டைக் கொடு, குழு அமைத்து மேற்பார்வை செய் என்று. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள்!

நமது கல்லூரிகளுக்கு ஒரு யோசனை கூறுகிறோம். கற்பனைக் கம்பெனியின் லாபக் கணக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, மாணவர் குழுவொன்றை ஒரு மாதம் தோலின் பின்னாலேயே அனுப்புங்கள்: லாரியிலிருந்து மண்டிக்கு, மண்டியிலிருந்து ஊறல் தொட்டிக்கு, தொட்டியிலிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு, அங்கிருந்து கிணற்றடிக்கு. ஒவ்வோரிடத்திலும் எத்தனை கிலோ உப்பு, யார் கையிலே, யார் செலவிலே என்று எழுதி வரட்டும். தோலை உதறுகிறவருக்கு நாளொன்றுக்கு என்ன கூலி, மூக்குக்கும் கைக்கும் உறை கொடுத்தார்களா என்பதும் அந்தத் தாளிலே ஏறட்டும்.