கூசின் தீவும் கடலுயிர்க் காவற் பயிற்சியும்

கல்வி இருவகைப்படும். நூலைக் கற்றுப் பெறுவது ஒன்று. தொழிலிற் பழகிப் பெறுவது மற்றொன்று. நோயாளியின் படுக்கையருகே நின்று பழகாதவன், மருத்துவ நூல்கள் அனைத்தையும் மனனஞ் செய்தாலும் மருத்துவனாகான். கடல்வாழ் உயிர்களைக் காக்கும் கலையும் அத்தகையதே. இக்கலையைப் பயிலும் இளைஞர் சில வாரங்களோ மாதங்களோ தங்கிப் பயிற்சி பெறும் இடங்கள் இன்று உலகிற் பல உள. அவற்றுள் இந்து சமுத்திரத்திலே சீசெல்ஸ் நாட்டைச் சார்ந்த கூசின் என்னுஞ் சிறு தீவு தனிச்சிறப்புடையது. அங்குப் பயில வருவோர் யாது செய்கின்றனர், அச்செயலால் விளையும் பயன் யாது என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூமத்திய கோட்டிற்குத் தெற்கே ஏறத்தாழ 4 பாகையில், பிராலின் தீவுக்கு மேற்கே சிறிது தொலைவிற் கூசின் அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 70 ஏக்கர் மாத்திரமே. முன்னர் அது தென்னந்தோட்டமாக இருந்தது. இயற்கைக் காடு அழிந்தமையால், சீசெல்ஸ் தீவுகளுக்கே உரிய கதிர்க்குருவி இனம் ஏனைய தீவுகளில் அற்றுப்போய், இவ்வொரு தீவில் மாத்திரம் முப்பதுக்குங் குறைவாக எஞ்சி நின்றது. உலகிலே வேறெங்கும் அவ்வினம் இல்லாதிருந்த அந்நிலையில், 1968இற் சர்வதேசப் பறவைப் பாதுகாப்புச் சபை கூசின் தீவை விலைக்கு வாங்கியது. தென்னைகள் படிப்படியாக அகற்றப்பட்டன. இயற்கை மரங்கள் தாமே தழைத்தன. அவற்றுட் பெரும்பாலன, யாழ்ப்பாணத்தில் இலைக்கறிக்காக வேலியோரங்களில் வளர்க்கப்படுஞ் சண்டி மரத்துக்கு இனமானவை. காடு மீளவே குருவியும் பெருகிற்று. 1988 முதலாக அக்குருவிகள் ஆரிட், டெனிஸ், பிரிகேட் முதலிய தீவுகளிலுங் கொண்டுசென்று விடப்பட்டன. ஒரு தீவிலே ஒடுங்கியிருந்த இனம் இன்று ஐந்து தீவுகளில் வாழ்கின்றது. 1998 முதல் இத்தீவின் பராமரிப்பைச் சீசெல்ஸ் நாட்டு அமைப்பாகிய நேச்சர் சீசெல்ஸ் ஏற்று நடத்துகின்றது.

பயிற்சிக்கு வருபவர் முதலிற் கற்கும் பாடம் கரையிறங்கும் முறையே. இத்தீவிலே இறங்குதுறை இல்லை. அயல் வள்ளங்கள் கரைக்கு வருதல் கூடாது. வருவோர் அனைவரும் நடுக்கடலிலே தீவின் வள்ளத்துக்கு மாறிக் கரை சேர்தல் வேண்டும். இதற்குக் காரணம் எலி. நிலத்திலே கூடு கட்டும் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று, தீவுகள் பலவற்றைப் பறவையற்ற பாழிடமாக்கியது எலியே. கூசினில் எலி இல்லை. மூட்டையொன்றினுள் ஒளிந்து வரும் எலிச்சோடி ஒன்று ஐம்பது ஆண்டு உழைப்பை அழித்துவிடக்கூடும். ஆகவே, காவல் என்பது பெருஞ்செயல்களால் மாத்திரம் ஆவதன்று, சிறு கவனங்களாலும் ஆவது என்பதைப் பயில்வோர் மணலில் அடிவைக்கு முன்னரே உணர்கின்றனர்.

அவர்தம் பணிகளுட் தலையாயது கடலாமைக் கணக்கெடுப்பு. இங்கு முட்டையிட வருவது பெரும்பாலும் அழுங்காமை. அதன் முதுகோட்டை மூடிய பதின்மூன்று தடித்த தகடுகளே அதற்குக் கூற்றாயின. சீப்பு, பேழை, அணிகலன் முதலியன செய்தற்குரிய ஆமையோடு எனப்படுவது அத்தகடுகளே. இவ்வாணிகம் மிகப் பழையது. கிறித்துவுக்குப் பிற்பட்ட முதலாம் நூற்றாண்டிலே கிரேக்க மொழியில் எழுந்த எரித்திரேயக் கடற் பெரிப்புளூஸ் என்னும் நூல், தாப்பிரபேன் எனப்பட்ட இலங்கையிற் கிடைக்கும் பொருள்களுள் ஆமையோட்டையும் கூறுகின்றது. முட்டையிட வரும் பெண்ணாமையைக் கரையிலே புரட்டிப் பிடித்தல் எளிதாதலின், இனம் பெருக்கும் ஆமைகளே முதலில் அழிந்தன. 1994இற் சீசெல்ஸ் அரசு கடலாமைக் கொலையை முற்றாகத் தடைசெய்தது. ஓட்டுத் தொழிலாளருக்கு இழப்பீடு வழங்கிப் பெற்ற ஓடுகள் 1998இல் வெளிப்படையாகத் தீயிலிடப்பட்டன.

பிறநாடுகளிற் பெரும்பாலும் இரவிலே கரையேறும் அழுங்காமை, சீசெல்ஸ் தீவுகளிற் பகலிலே கரையேறும் இயல்பினது. எனவே ஒக்டோபர் முதல் சனவரி வரையுள்ள மாதங்களிற் பயில்வோர் காவலரோடு கடற்கரையைப் பகல் முழுவதும் மீண்டும் மீண்டும் சுற்றி நடக்கின்றனர். மணலிலே துடுப்புக்கால்களின் சுவடு காணப்படின் அதனைத் தொடர்ந்து செல்வர். ஆமை குழி தோண்டும்பொழுது அருகே செல்லுதல் கூடாது. அஞ்சினால் முட்டையிடாமலே கடலுக்கு மீண்டுவிடும். முட்டையிடத் தொடங்கிய பின்னரே பின்புறமாக அணுகி, முன்துடுப்பில் உள்ள உலோக அடையாளத் தகட்டின் எண்ணைப் படிப்பர். தகடு இல்லையாயிற் புதிதாகப் பொருத்துவர். ஓட்டின் நீளம், கூட்டின் இடம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறிப்பர். ஆமை இட்டுச்செல்லும் முட்டைகள் நூற்றைம்பதுக்கும் மேற்படுவதுண்டு. ஏறத்தாழ அறுபது நாட்களிற் குஞ்சுகள் வெளிப்படும்.

ஆமை வராத நாளிற் செய்வது யாது என வினவலாம். அன்றும் நடத்தல் வேண்டும். ஆமை வரவில்லை என்று எழுதுதலும் வேண்டும். பயிற்சியின் உயிர்நிலை இதுவே. ஓராண்டிற் பத்துமுறை நடந்து ஐந்து ஆமைகளையும், அடுத்த ஆண்டில் நூறுமுறை நடந்து இருபது ஆமைகளையுங் கண்டால், பெருகியது ஆமையோ நடையோ என்று எவ்வாறு அறிவது? நடந்த நேரமும் எழுதப்பட்டாலன்றி எண்ணிக்கைக்குப் பொருளில்லை. வெறுங் கரையைக் கண்டு திரும்பி, அவ்வெறுமையையும் உள்ளவாறே பதிவு செய்பவனே விஞ்ஞானத்துக்கு உதவுபவன். காணாததைக் கண்டதாக எழுதுபவனும், சோம்பலால் நடவாத நடையை நடந்ததாக எழுதுபவனும் தமக்கு முன் உழைத்த அனைவரின் உழைப்பையும் பழுதாக்குகின்றனர்.

இவ்வாறு 1970களின் தொடக்கத்திலிருந்து பேணப்பட்ட பதிவுகளே கூசினின் பெருஞ்செல்வம். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுக் காலத்தில், அங்கு முட்டையிடும் அழுங்காமைகளின் தொகை எட்டு மடங்காகியதென அவை காட்டின. அழுங்காமை முட்டையிடும் பருவமடைய இருபது ஆண்டுகளுக்கு மேலுஞ் செல்லும். ஆகவே இன்று ஒரு கூட்டைக் காப்பவர் அதன் பயனைத் தம் இளமையிற் காண்பதில்லை. 1970களிற் காக்கப்பட்ட முட்டைகளின் பலனை, அக்காலத்தே பிறந்திராதவர்கள் எண்ணிக் குறித்தனர். பத்து ஆண்டிற் பயன் காணோம் என்று காவலைக் கைவிட்டிருப்பின், அவ்வினத்தின் மீட்சியும் நிகழ்ந்திராது. அதனை அறிவாரும் இருந்திரார்.

ஆயினும் எல்லாத் தீங்குகளையுங் கரைக்காவலால் தடுத்தல் இயலாது. தீவைச் சூழ்ந்த முருகைக் கற்பாறைகளின் வரலாறு இதற்குச் சான்று. முருகை உயிரியின் உடலினுள் நுண்ணிய அல்காக்கள் வாழ்ந்து அதற்கு உணவும் நிறமும் அளிக்கின்றன. கடல்நீர் வழக்கத்தினும் சிறிது கூடுதலாகச் சில வாரங்கள் வெப்பமுற்றால் அவ்வல்காக்கள் வெளியேறும். முருகை வெளிறிப் பட்டினியால் மடியும். 1998இல் நேர்ந்த வெப்பத்தாற் சீசெல்ஸ் நாட்டின் உள்தீவுகளைச் சூழ்ந்த உயிர்முருகையிற் பெரும்பகுதி, சிலவிடங்களிற் பத்தில் ஒன்பது பங்கு, அழிந்தது. 2010இல் அதனை மீட்கும் பணி கூசினிலே தொடங்கப்பட்டது. வெப்பத்துக்குத் தப்பிய முருகைகளின் சிறு துண்டுகளைக் கயிற்றிற் செருகிக் கடலினுள்ளே நாற்றுமேடையிற் போல வளர்த்து, பின்னர்ச் சீமெந்தினாற் பாறையில் ஒட்டினர். முக்குளிப்பிற் பயின்ற தொண்டர்களும் இப்பணியிற் பங்குகொண்டனர். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட முருகைகள் இவ்வாறு நடப்பட்டன. 2016இற் கடல் மீண்டும் வெப்பமுற்று முருகை மீண்டும் வெளிறியது. எலியைத் தடுக்கும் வேலி வெப்பத்தைத் தடுப்பதன்று. மணலின் வெப்பம் ஏறினால் ஆமைக்குஞ்சுகளும் பெரும்பாலும் பெண்ணாகவே பிறக்கும். இவற்றின் காரணம் தொலைவிலுள்ள பெருநகரங்களின் புகையில் உள்ளது, தீவிலே இல்லை.

இத்தகைய பயிற்சியிற் குறையும் உண்டு. தொலைநாடுகளிலிருந்து வருவோர் தம் செலவைத் தாமே ஏற்று, கட்டணமுஞ் செலுத்துகின்றனர். பொருளுடையார்க்கே இக்கல்வி எளிதாகின்றது என்பதை மறுத்தல் இயலாது. சில வாரம் தங்கிச் செல்பவர் தம்மைத் தீவின் காவலர் என்று எண்ணிக்கொள்வதும் பிழை. ஆண்டு முழுவதும், மழையிலும் காற்றிலும் அங்கே வாழ்ந்து காவல்புரிவோர் சீசெல்ஸ் நாட்டவரே. வந்தவர் கற்கும் கல்வியும் அவரிடமிருந்தே பெறப்படுவது. ஆயினும் கட்டணமும் பயணிகள் தரும் பணமுமே காவலுக்குரிய செலவிற் பெரும்பங்கைத் தாங்குகின்றன. 2020இற் கொள்ளைநோயினாற் பயணிகள் வரவு நின்றபோது அவ்வருவாயும் தடைப்பட்டது. கடலாமைகளோ வழக்கம்போற் கரையேறின. காவலுக்குரிய பொருள் நிலையானதாதல் வேண்டுமென்பதை அவ்வாண்டு உணர்த்திற்று. அந்நாட்டு இளைஞர் அத்தொழிலைக் கற்று ஏற்பதே அக்காவல் நிலைத்தற்குரிய வழியாகும்.

இதுகாறுங் கூறியவற்றாற் கூசின் தீவுப் பயிற்சியின் பயன் இருவகைத்து என்பது பெறப்படும். தீவிற்குக் கிடைப்பது நடக்குங் கால்களும் எழுதுங் கைகளும். பயில்வோர்க்குக் கிடைப்பது பொறுமையும் உண்மையும். தாம் தகடு பொருத்திய ஆமை மீண்டு வருவதற்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் செல்லும். அன்று அதன் எண்ணைப் படிப்பவர் வேறொருவராயிருப்பர். முகமறியாத அவ்வொருவர், தமக்கு முன் எழுதியவர் உண்மையே எழுதினார் என்று நம்பியே தம் வரியை அதன்கீழ் எழுதுவர். அந்நம்பிக்கைக்குத் தகுதியுடையராதலே அத்தீவில் இளைஞர் கற்கும் கல்வியின் முடிந்த பொருளாகும்.