உங்களுக்குத் தெரியுமா? கிரெய்கிபர்னிலிருந்து ஊருக்கு எவ்வளவு தூரம்?

மெல்பர்னின் வடக்கு ஓரத்தில் உள்ள கிரெய்கிபர்ன்காரர்களுக்கு டல்லமரைன் விமான நிலையம் கூப்பிடு தூரம்தான். அங்கிருந்து கொழும்புக்கு நேர்வழியில் சுமார் 8,360 கி.மீ. 2017 அக்டோபரில் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் நேரடிச் சேவையைத் தொடங்கியபின், ஏறி உட்கார்ந்தால் ஏறத்தாழ 11 மணி நேரத்தில் கட்டுநாயக்கா விமான நிலையம்! திரும்பும்போது அரை மணி போல மிச்சம். தென்கோளத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது.

சென்னைக்கு நேர்வழி சுமார் 8,770 கி.மீ. பலரும் சிங்கப்பூரில் விமானம் மாறுகிறார்கள். அதனால் கூடும் தூரம் 200 கி.மீ.கூட இல்லை, சிங்கப்பூர் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. நேரத்தைத் தின்பதெல்லாம் அங்கே சாங்கி விமான நிலையத்தில் காத்திருப்பதுதான்.

இந்த வழி ஒருகாலத்தில் அடைபட்டுப் போனது. 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழ, 1943-ல் குவாண்டாஸ் இந்தியப் பெருங்கடலையே குறுக்காகக் கடந்தது. பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றிலிருந்து கிளம்பிய கட்டலினா கடல் விமானங்கள், இலங்கையில் காலிக்கு அருகே கொக்கலை ஏரியில் இறங்கின. சுமார் 5,600 கி.மீ.க்கு 27 முதல் 33 மணி நேரம்! எரிபொருளின் கனத்தால் மூன்று பயணிகளுக்கு மேல் இடமில்லை. எதிரிக்குக் கேட்டுவிடும் என்பதால் வானொலியில் பேச்சே இல்லை. விமானிகள் நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டார்கள்.

ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்த பயணிகளுக்கு, ‘இரட்டைச் சூரியோதய ரகசிய அணி’ என்ற பொருள்படும் சான்றிதழும் வழங்கப்பட்டது.